குறையைச் சொல்லி விற்ற வண்டி

போன தை மாதம் என் பழைய மோட்டார் சைக்கிளை 11,500 ரூபாய்க்கு விற்றேன். "பேங்க்ல மேனேஜரா இருந்த மனுஷன், இருபதுக்குப் போற வண்டியை இப்படித் தூக்கிக் குடுத்துட்டாரே" என்று எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு நாள் இதே பேச்சு. மைத்துனர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன் அத்தான், ரெண்டாயிரம் செலவு பண்ணி பெயிண்ட் அடிச்சு, கெட்டி ஆயில் ஊத்தி நிறுத்தியிருந்தா பதினெட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருப்பானுங்க. நீங்க என்னடான்னா கோளாறை எல்லாம் பேப்பர்ல எழுதிப் படிச்சுக் காட்டி வித்திருக்கீங்க!"

ஆமாம், படித்துக் காட்டித்தான் விற்றேன். செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வண்டி விற்ற கதைக்கு நம் இதழில் என்ன வேலை என்று கேட்பீர்கள். விளைந்த நெல்லை அரிசியாக்கி வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2006-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் வேளாண் அலுவலராக இருந்தபோது, ஊழியர் வாகனக் கடனில் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். எல்லாச் செலவும் சேர்த்து 40,000 ரூபாய். பயிர்க்கடன் கேட்டவர்களின் வயலைப் பார்க்கப் போனதும் அதில்தான், கட்டாத தவணையைக் கேட்கப் போனதும் அதில்தான். சில ஊர்களில் அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். 2017-ல் ஓய்வு பெற்று, மன்னார்குடிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கருக்கு வந்தேன். அதற்குப் பிறகு வண்டியின் வேலையே மாறிவிட்டது. பின்னால் இரண்டு பக்கமும் ஜீவாமிர்தக் கேன், முன்னால் டேங்க் மேல் புண்ணாக்கு மூட்டை. கன்றுக்குட்டியைக்கூட ஒருமுறை ஏற்றியிருக்கிறேன், பின்னால் பையன் பிடித்துக்கொள்ள.

ஓய்வு பெற்ற புதிதில் இதே வண்டியில்தான் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்து நெல் திருவிழாவுக்குப் போய் 2 கிலோ தூயமல்லி விதை வாங்கி வந்தேன். வாங்கிய 2 கிலோவுக்கு அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நெல் ஜெயராமன் வைத்த கணக்கு அது. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வீட்டுக்கு நோட்டீஸ் கிடையாது. முப்பத்தைந்து வருடம் கடன் கொடுத்துப் பழகிய எனக்கு இது எப்படி நடக்கிறது என்று அன்றைக்குப் புரியவில்லை. நானும் திருப்பிக் கொடுத்தேன், என்னோடு வாங்கியவர்களில் பலரும் கொடுத்தார்கள். வங்கியில் என் வசூல் விகிதம் அந்த அளவுக்கு இருந்ததில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது கொட்டகை மேல் தென்னை சாய்ந்தது. டேங்க் நெளிந்து ஹெட்லைட் உடைந்தது. உடைந்த லைட்டை மாற்றினேன், நெளிவை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு அறுபத்தெட்டு. வண்டிக்குச் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, வலது முழங்காலுக்கு உதைக்கிற தெம்பு கிடையாது. காலையில் ஆறு உதை உதைத்தால்தான் பிடிக்கும். அதனால் பட்டனைத் தட்டினால் கிளம்புகிற மொபெட் ஒன்று வாங்கினேன். பழசைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவாயிற்று.

விற்பதற்கு முன்னால் இருபது வருடமாக இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாயிடம் போனேன். "பாய், ரிப்பேர் பண்ண வேணாம். என்னென்ன கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஸ்டார்ட் செய்து முறுக்கினார். நீலமாகப் புகை வந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்சம் புகைத்து அப்புறம் நின்றால் பெரும்பாலும் வால்வு சீல், முறுக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கிறது என்று விளக்கினார். என் வண்டி இரண்டாவது ரகம். ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது.

சொல்லச் சொல்ல எழுதினேன். பிளாக் போர் பண்ணி பிஸ்டன் ரிங் மாற்ற, கூலியோடு 3,000. பின் டயரும் ட்யூபும் 1,900. செயின் ஸ்ப்ராக்கெட் செட் 1,200. க்ளட்ச் பிளேட் 800. முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் சீல் ஒழுகுவதற்கு 700. பேட்டரி 600. மொத்தம் 8,200 ரூபாய். அதற்குக் கீழே நானாக இரண்டு வரி சேர்த்தேன். ஒன்று, டேங்க் நெளிவு கஜா புயலில் வந்தது. இன்னொன்று, மீட்டர் கேபிள் நடுவில் ஒரு வருடம் அறுந்து கிடந்தது, அதனால் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம்.

ஆயில் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். கடையில் வடிக்கும் கழிவு ஆயிலைக் கேட்டு வாங்கிவந்து, கரையான் ஏறாமல் இருக்க வேலிக் காலில் பூசுகிற பழக்கம் நம் ஆட்களிடமும் இருக்கிறது. இஞ்சினில் தேய்ந்த உலோகமும் எரிந்த மிச்சமும் அதில்தான் இருக்கின்றன. மழைக்கு அது எங்கே போகும்? யூரியா போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு இதைப் பூசுவதில் என்ன நியாயம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. கழிவு ஆயில் கடையிலேயே இருக்கட்டும், அதை வாங்க ஆள் வருவார்கள்.

விலைக்கு வருவோம். எங்கள் பக்கம் நல்ல ஓட்டத்தில் இருக்கும் இதே வயது வண்டி 20,000-க்குப் போகிறது. ஆட்டோ கன்சல்டிங் கடையில் 8,000 தருவதாகச் சொன்னார்கள். அங்கேயே பக்கத்தில் என் வண்டியின் அண்ணன் தம்பி மாதிரி ஒன்று புதுப் பெயிண்டில் மினுமினுத்துக்கொண்டு 22,000 என்று நின்றது. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். புகை இல்லை, இஞ்சின் சத்தம் மட்டும் அமுங்கினாற்போல இருந்தது. மைத்துனர் சொன்ன கெட்டி ஆயில் வைத்தியமாக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த வைத்தியம் பத்து நாள் தாங்கும். பழைய இரும்புக் கடையில் 3,500 சொன்னார்கள். ஓடுகிற வண்டியை உடைக்கக் கொடுக்க மனசு வரவில்லை.

வங்கிக்காரன் புத்தி, புத்தக மதிப்பையும் போட்டுப் பார்த்தேன். வருமான வரிக் கணக்கில் வண்டிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம், மீதியிருக்கும் மதிப்பின் மேல். 40,000 ரூபாய் இருபது வருடத்தில் ஏறக்குறைய 1,550 ரூபாயாகிவிடுகிறது. ஒரே வண்டிக்கு புத்தகம் 1,550 சொல்கிறது, இரும்புக் கடை 3,500 சொல்கிறது, கன்சல்டிங் கடை எங்களிடம் 8,000-மும் அடுத்தவரிடம் 22,000-மும் சொல்கிறது. இதில் எதுவும் எனக்கு விலையாகப் படவில்லை. நல்ல வண்டி 20,000, அதில் ரிப்பேர் 8,200 கழித்தால் 11,800. அலைச்சலுக்கு 300 தள்ளி 11,500. இந்தக் கணக்கை வாங்க வருகிறவர் முன்னாலேயே போட்டுக் காட்டலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ரிப்பேர் செய்தே விற்றிருக்கலாமே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் விற்கப்போகிற வண்டிக்கு யாரும் நல்ல சாமான் போடுவதில்லை. மட்டமான செயின், மட்டமான டயர்தான் போடத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றும். வாங்குகிறவர் தன் காசில் தனக்காகச் செய்தால் நல்லதாகப் போடுவார். பணம் மொத்தமாக இல்லாதவர் இந்த மாதம் டயர், அறுவடை முடிந்து இஞ்சின் என்று பிரித்தும் செய்துகொள்வார். சிறு உழவருக்கு இது பெரிய வசதி. புது வண்டியென்றால் எதை எடுத்தாலும் லட்சத்தை ஒட்டி வருகிறது. மாதத் தவணை கட்டமுடியாமல், நகையை வைத்து வண்டிக்குக் கட்டியவர்களை என் மேசைக்கு எதிரில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். பயிர்க்கடன் வாங்கிய மறுநாளே அந்தப் பணம் வண்டி ஷோரூமுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம்பி வாங்கப் பழைய வண்டி கிடைத்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் புதுசுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அங்கேயும் ஏமாற்று உண்டு. இரண்டு வேளை கறக்காமல் மடியைப் பெருக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆனால் "இது வலது பக்கம் உக்காந்தா உதைக்கும், இடது பக்கம்தான் கறக்கணும்" என்று தானாகச் சொல்லி விற்ற பெரியவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அவரிடம் வாங்கியவர்கள் மறுபடி அவரையேதான் தேடிப் போவார்கள்.

நான் சொல்வதைக் கேட்டு எல்லாரும் ஓடிவந்து வாங்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி போக இருபத்து நான்கு நாள் ஆயிற்று. முதலில் வந்தவர் தாளைப் படித்ததும் "இவ்வளவு கோளாறா?" என்று கிளம்பிவிட்டார். அதே வாரம் கன்சல்டிங் கடையில் ஒரு வண்டி எடுத்தார் என்று கேள்வி. இரண்டாவது ஆள் இன்னும் கெட்டிக்காரர். 11,500 என்றதும் "டயர் போச்சு, இஞ்சின் புகையுது, ஒம்பதுக்குக் குடுங்க" என்றார். "அந்த டயரையும் இஞ்சினையும் கழிச்சுதானய்யா இந்த விலை" என்றால் காதில் வாங்கவில்லை. குறையைச் சொல்லி விற்கிறவனுக்கு வருகிற தொல்லை இதுதான். ஒரே குறைக்கு இரண்டு முறை விலை குறைப்பார்கள். அதனால் தாளிலேயே கணக்கை எழுதிவிடுவது நல்லது, அதற்குப் பிறகு இறங்கக் கூடாது. நான் இறங்கவில்லை.

காகிதத்திலும் ஒரு குறை இருந்தது. அது என்னுடைய குறை. வாகனக் கடனை 2011-லேயே கட்டி முடித்துவிட்டேன். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரில் இருந்த அடமானக் குறிப்பை நீக்கவே இல்லை. எத்தனை வாடிக்கையாளர்களிடம் "கடன் முடிஞ்சா படிவம் 35 வாங்கிட்டுப் போய் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஹெச்.பி.யைக் கேன்சல் பண்ணுங்க, இல்லாட்டி விக்க முடியாது" என்று சொல்லியிருப்பேன்! 2021-ல் பதினைந்து வருடம் முடிந்து, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பித்தபோதும் கவனிக்கவில்லை. நான் வேலை பார்த்த வங்கி இப்போது இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளை "லோன் அக்கவுண்ட் நம்பர் இருக்காங்கய்யா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. பரணில் தேடி பழைய பாஸ்புக்கோடு மூன்றாவது முறை போனபோதுதான் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கையில் வந்தன. கடன் போட்டு வண்டி வாங்கிய எல்லாரும் இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

பெயர் மாற்றத்தை மட்டும் வாங்குகிறவர் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50-ன்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. கன்சல்டிங் கடைகளில் இந்தப் படிவங்களில் வாங்குபவர் பெயரை எழுதாமல் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். வண்டி நாலு கை மாறும், பதிவேட்டில் உங்கள் பெயரே நிற்கும். அப்படிக் கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 11,500 ரூபாய் வண்டிக்காக மூன்றரை ஏக்கரைப் பணயம் வைக்க முடியுமா? வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிகளிலும் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிய காலம் உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கும்போது விற்பது நல்லது. வாங்கியவர் 14 நாளுக்குள் அதையும் தன் பெயருக்கு மாற்றித்தரக் கேட்டு எழுத வேண்டும். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்டு ஒரு டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முக்கியம். காலையில் விற்ற வண்டி மாலையில் எங்காவது மோதினால் அந்த நேரம்தான் பேசும்.

கடைசியில் வாங்கியது பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர். காலையில் பால் எடுத்து ஊற்றுகிறவர், ஒரு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார், அடுத்த சம்பாவிலிருந்து ரசாயனத்தை விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருக்கிறார். மனைவியோடு வந்தார். தாளை அந்தப் பெண்தான் வாங்கிச் சத்தமாகப் படித்தது. ஒவ்வொரு வரிக்கும் தம்பி வண்டியைக் குனிந்து பார்த்தார். நான் சேஸிஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "கோளாறெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க, நான் என்னத்தைய்யா பேரம் பேசுறது" என்று சிரித்தார். 9,500 கையில் கொடுத்தார், மீதி 2,000 அறுவடை முடிந்து.

அந்தப் பெண் தாளை மடித்துக்கொண்டே கேட்டது: "ஐயா, நீங்க அரிசி விக்கிறீங்கள்ல? அதுக்கும் இப்படி எழுதிக் குடுப்பீங்களா?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. விவரம் தெரியாமல் சும்மா கேட்டதுதான். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டெல்டாவில் பாசனம் எப்படி என்று வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பல இடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. ஒரு வயலில் நிறைந்த தண்ணீர் அடுத்த வயலுக்கு இறங்கும். மேல் வயல்காரர் போட்டது கீழ் வயலுக்கு வரத்தான் செய்யும். 2019 சம்பாவில் எனக்கு மேலே இருப்பவர் களைக்கொல்லி போட்ட மறுநாள் நல்ல மழை. வரப்பு உடைந்து தண்ணீர் என்னுடைய இரண்டு மாவில் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வரப்பைக் கட்டினேன், தண்ணீரை வடித்தேன், மனசைத் தேற்றிக்கொண்டேன். தை மாதம் அந்த இரண்டு மாவில் 11 மூட்டை கண்டது. அரைத்து, மற்ற அரிசியோடு கலந்து, கிலோ 80 ரூபாய்க்கு இயற்கை அரிசி என்றே விற்றேன். ஏறக்குறைய 400 கிலோ, 32,000 ரூபாய். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்க என்று வாங்கிப்போன வீடும் அதில் ஒன்று.

நான் மருந்து அடிக்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெட்டி ஆயில் ஊற்றி விற்கிறவரும் இஞ்சினை அவரா தேய்த்தார்? தேய்ந்ததை மறைப்பதுதான் அவர் செய்கிற காரியம். நானும் அதைத்தான் செய்தேன். 2,000 ரூபாய் பெயிண்டைப் பழிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அந்தக் கேள்விக்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து உழவர் சேர்ந்து குழுவாகி, ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று தருகிறோம். நல்ல ஏற்பாடு, செலவும் இல்லை. ஆனால் நடப்பதைச் சொல்கிறேன். போகிறோம், வரப்பில் நடக்கிறோம், மோர் குடிக்கிறோம், படிவத்தில் எல்லாம் சரி என்று டிக் அடிக்கிறோம். சொந்தக்காரர், ஊர்க்காரர், நாளைக்கு நம் வயலைப் பார்க்க வரப்போகிறவர். எப்படிக் குறை சொல்வது? அடுத்தவர் நம் குறையைக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தால் ஒருநாளும் வெளியே வராது. வயல்காரர் தானே எழுதித் தர வேண்டும். எந்த வரப்போரம் தண்ணீர் இறங்கியது, வைக்கோலும் எருவும் யாரிடம் வாங்கியது, அரவை மில்லில் யார் நெல்லுக்குப் பிறகு நம் நெல்லைப் போட்டார்கள், எத்தனை வருடமாக ரசாயனம் இல்லை. மெக்கானிக் பாய் சொல்லி நான் எழுதின மாதிரி அரைப் பக்கம் போதும்.

போன மாதக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முதலில் 2019 கதையைச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கோபமாகவே சொன்னார்: "நாமளே நம்ம அரிசியில குறை இருக்குன்னு சீட்டு ஒட்டினா, கடைக்காரன் ஒண்ணும் சொல்லாம இயற்கைன்னு விப்பான். சனம் அவன்கிட்டதான் போகும்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் வண்டியைப் பார்த்துவிட்டு கன்சல்டிங் கடைக்குப் போன அந்த முதல் ஆளை நினைத்துக்கொண்டேன். போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். ஆனால் நம்மிடம் வருகிற குடும்பங்கள் கடையில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் வருகிறார்கள். அதையும் மறைத்து விற்றால் அவர்கள் எதற்கு மன்னார்குடியிலிருந்து எட்டு கிலோமீட்டர் வர வேண்டும்? குழுவில் ஏழு பேரில் மூன்று பேர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் இன்னும் சொல்லவில்லை.

வண்டிக் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. விற்ற பத்தாம் நாள் தம்பி போன் செய்தார். இஞ்சினைப் பிரித்ததில் க்ராங்க் பேரிங்கும் போயிருக்கிறதாம், கூடுதலாக 1,400 ரூபாய். பாயே அதைச் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்காமல் அவருக்கும் தெரிந்திருக்காது. தாளின் தலைப்பில் 'எனக்குத் தெரிந்த குறைகள்' என்றுதான் எழுதியிருந்தேன். சட்டப்படி எனக்குப் பொறுப்பில்லை என்று வாதாடலாம். பாதி என் பங்கு என்று சொல்லி 700 ரூபாயைப் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். தயங்காமல் சரி என்றார். வீட்டில் மட்டும் "வித்த வண்டிக்கு ரிப்பேர் செலவு பண்ற ஒரே ஆள் நீங்கதான்" என்றார்கள்.

இந்த சம்பா அரிசிக்குப் பையோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது: மேல் வயலை ஒட்டிய வரப்போரம் பத்தடி அகலத்துக்கு விளைந்த நெல் தனியாக அறுத்து நீக்கப்பட்டது, கார்த்திகையில் ஒருமுறை மேல் வயல் தண்ணீர் கிழக்கு மூலையில் இறங்கியது, அந்த மூலை நெல்லும் இதில் இல்லை, வைக்கோல் வெளியில் வாங்கியது, அந்த வயலில் ரசாயனம் போட்டிருக்கிறார்கள். வழக்கமாக வாங்கும் பதினான்கு வீட்டில் இரண்டு வீடு விலையைக் குறைக்கச் சொன்னது. ஒரு வீடு இந்த முறை வேண்டாம் என்றுவிட்டது. 2020-ல் கஞ்சிக்கு வாங்கிய வீட்டுக்கு நானே நேரில் போய் அந்தப் பழைய கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆறு வயது, வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போய் பணம் எடுத்துவந்து 10 கிலோ வாங்கிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

தனியாக அறுத்த நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் சாதாரண நெல்லாகப் போட்டுவிட்டேன். அதன் ரசீது குழுக் கோப்பில் இருக்கிறது. பங்குனி கடைசி ஞாயிறு எங்கள் குழுக் கூட்டம், காலை பத்து மணிக்கு என் கொட்டகையில். சீட்டின் மாதிரியை வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், திட்டவும் திட்டலாம்.